துருத்தியில் ஒரு வெட்டு

…கையை வைக்காதே என்றால் வைக்கத்தானே தோன்றும், இதுகூடத் தெரியாமலா முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தினான் இந்த ஆல்பன், விறகு வாங்கக் கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே, “ரோஸ்விதா, அந்தக் கடிகாரத்த நோண்டிக்கிட்டு இருக்காத, சனிக்கெழம எவால்ட் வருவான், அவன் பாத்துக்குவான், ஒனக்கு அதெல்லாம் புரியாது” என்று சொல்லிவிட்டுப் போகிறான்… புரியாதாம். எவால்ட் அவன் தம்பி, ஷோனாக்கில் பெயர்பெற்ற கடிகார மேஸ்திரி, நான்கு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து பிளம் கேக் தின்றுவிட்டுப் போகிறான், சுவரில் ஊமையாகத் தொங்கும் குயில் கடிகாரத்தை ஏறிட்டும் பார்த்ததில்லை. அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? ஸ்டூலில் ஏறிக் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டாள். டிக் டாக், டிக் டாக், ஒரே சீர், நொண்டவில்லை, ஓட்டத்தில் குறையில்லை. முள்ளை விரலால் மெல்லப் பத்துக்குத் தள்ளினாள். சுத்தியல் சுருள் கம்பியில் அடித்தது, கதவு திறந்தது, குயில் வந்து குனிந்தது, பத்து முறை குனிந்தது, பத்து முறையும் வாயிலிருந்து வந்தது ஃபூ என்ற வெறும் காற்று. குழல் கெட்டிருக்காது, மரக்குழலுக்கு என்ன வரும்? துருத்திதான். குழலுக்குள் காற்றை ஊதும் அந்தச் சின்ன இரட்டைத் துருத்தி, ஒன்று ‘கு’வுக்கு, ஒன்று ‘கூ’வுக்கு.

சங்கிலியின் எடைக்குண்டுகளைக் கழற்றினாள், சங்கிலி உள்ளே நழுவிவிடாமல் கண்ணிகளில் கம்பியைக் கோத்து முடிச்சிட்டாள், பெட்டியைச் சமையலறை மேசையில் துண்டு விரித்துக் கவிழ்த்தாள். வேலை பார்த்த கடிகாரப் பட்டறையில் இதைச் செய்ய விட்டார்களா? ஜன்னலோர மேசை ஆண்களுக்கு, பல்சக்கரமெல்லாம் அவர்களுக்கு, பின்னறையில் வச்சிரப் பசை நாற்றத்தில் பெண்கள், துருத்திக்கான ஆட்டுத்தோலை நறுக்கி மடித்து ஒட்டிக்கொண்டே முப்பத்தொரு வருடம்… எத்தனை ஆயிரம் குயில்கள் அவள் மூச்சில் கூவின, எந்த மேஸ்திரியாவது சொன்னானா? ஆல்பன் சொன்னான், அதுவும் நான்கு வருடத்துக்கு முன் எவால்டின் பிறந்தநாள் விருந்தில், இருபது பேர் எதிரில், “ரோஸ்விதாவா? அவ என்ன, சும்மா பசை தடவிக்கிட்டு கெடந்தா” என்று பியர் நுரையைத் துடைத்தபடி. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலை துணிப்பெட்டியோடு ஃப்ரைபர்குக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போனபோதும் கேட்கவில்லை, திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை அந்த மனுஷன், வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, “சூப் இருக்கு” என்றான், அவ்வளவுதான். குயில் ஏன் கூவவில்லை என்று கேட்டதற்கு, “வயசாச்சில்ல” என்றான்.

பின்பலகை கழன்றது. துருத்திகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்… இது என்ன? தோல் நைந்தால் மடிப்பில்தான் நையும், ஆயிரம் பார்த்திருக்கிறாள், மடிப்பில் பொடிந்து சல்லடையாகும். இங்கே மடிப்பு இரண்டும் நையாமல் முழுதாக இருந்தன. நடுவில், மடிப்புக்குக் குறுக்கே, நேர்கோடாக ஒரு வெட்டு. இரண்டிலும் ஒரே இடத்தில். கத்தி. கொக்கிக் கம்பியைத் திருப்பிக் குயிலின் கதவைச் சாத்தியிருந்தால் போதுமே, குயில் வாயே திறந்திருக்காதே, கத்தி எதற்கு? கல்யாணக் கடிகாரம் இது, வேலைக்குச் சேர்ந்த வருடம் அவளே ஒட்டிய துருத்தி, அது ஆல்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் வெட்டினானா? இருக்கட்டும், முதலில் வேலை. தையல் பெட்டியின் அடியில் கிடந்த தோலை எடுத்தாள், பசையை வெந்நீரில் இளக்கினாள், பழைய தோலைக் கிழிக்காமல் உரித்து ஓரமாக வைத்தாள், அளவெடுக்காமலே நறுக்கினாள். ஒரு சுருக்கம் விழவில்லை. அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்து, விரலால் அழுத்தி, காற்று எங்கும் கசியவில்லை என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, மாட்டி, பெட்டியைத் தூக்கிச் சுவரில் நேராக்கி…

அவன் வரும்போது குயில் பன்னிரண்டு கூவிக்கொண்டிருந்தது. விறகுக் கட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“எவால்ட் வந்தானா?”

“வரல.”

“பின்ன யாரு…”

“நான்தான். ஏன், நம்ப முடியலையா?”

உரித்த தோல்கள் இரண்டையும் அவன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், வெட்டு தெரியும்படி பரப்பி வைத்தாள். சொல்லட்டும், இப்போதும் வயசாச்சு என்று சொல்லட்டும், சொன்னால் சனிக்கிழமை எவால்ட் எதிரிலேயே இதைக் கேக் தட்டில் வைப்பாள். அவன் விறகை இறக்கவில்லை, உட்காரவில்லை, தோலையே பார்த்தான்.

“நீ இல்லாத பத்தொம்பது நாளு,” என்றான். “மணிக்கு மணி கத்திச்சு. ஒன் கை செஞ்சது. வீட்ல வேற சத்தமே இல்ல.”

“இனியும் கத்தும். கதவச் சாத்து, குளிருது.”

சாத்தினான். அவள் பசைக் கிண்ணத்தைக் கழுவத் திரும்பினாள். மன்னிப்பா இது, அல்லது பழியையும் அவள் தலையிலேயே போடுகிறானா, எதுவாக இருந்தாலும் இத்தனை சுலபத்தில் விடப்போவதில்லை, கேட்பாள், எல்லாம் கேட்பாள்… பத்தொன்பதா? அக்கா வீட்டுக்குப் போனது ஒரு திங்கள், திரும்பியது சனி, நடுவில் எத்தனை ஞாயிறு… ஈரக் கையின் விரல்களை மடக்கிப் பார்த்தாள். அவள் எண்ணியதே இல்லை.