பதினான்காவது எபிசோடில் இல்லாத விளக்கு

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தள அறையில் ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணிக்குப் பதினோரு பேர் கூடி, தங்களுக்குப் பிடிக்காத ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பிடிக்காததை ஏன் ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறீர்கள் என்று லவோன் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"வீடு பத்தி எரியறப்ப முகத்தைத் திருப்பிக்கவா முடியும்?" என்றான் அவள் கணவன் ஆர்லன்.

எரிகிற வீட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு, எலுமிச்சைக் கேக் தின்றுகொண்டே பார்க்கிறவர்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

'கெஸ்ட்ரல்' முப்பது வருடங்களுக்கு முன் மூன்று சீசன் ஓடி நின்றுபோன தொடர். அதே பெயரில் ஓர் ஓட்டைச் சரக்கு விண்கலம், அதில் ஏழு பேர், போகிற இடமெல்லாம் வம்பு. சென்ற இலையுதிர்காலத்தில் புது நடிகர்களை வைத்து அதை மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஆர்லனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். திட்டுவதற்கு மாணவர்கள் இல்லாமல் வாடிக்கிடந்தவனுக்கு ஒரு முழுத் தொடரே கையில் கிடைத்தது.

"ஐலாவும் டோவனும் யாரோ எவரோ மாதிரி கை குலுக்கிக்கிறாங்க! என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தா பேப்பரைக் கிழிச்சிருப்பேன்."

ஐலா கலத்தை ஓட்டுபவள். டோவன் இன்ஜினியர். பழைய தொடரின் மூன்றாம் சீசனில், பதினான்காவது எபிசோடில், ஐலா சின்னக் கலத்தில் தனியே போய்த் திரும்பாமல் போகிறாள். டோவன் ஒரு பழைய எண்ணெய் விளக்கை ஏற்றி வெளிக்கதவருகே மாட்டி, "அவ வர்ற வரைக்கும் இது அணையாது" என்கிறான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் டுலூத் ரசிகர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. புதுத் தொடரில் இந்த இருவரும் முன்பின் அறியாதவர்களாக வருவதுதான் அவர்களுடைய ஆத்திரத்துக்கெல்லாம் ஊற்று.

அந்தக் காட்சி குறுந்தகடுகளில் இல்லை. இசை உரிமைத் தகராறில் கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்பது ரசிகர் மன்றத்தின் முடிவு. அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை கையெழுத்து இயக்கம்கூட நடத்தினார்கள்.

உண்மை லவோனுக்கு மட்டும் தெரியும். அப்படி ஒரு காட்சி எடுக்கப்படவே இல்லை.

அந்த எபிசோடு வரவேண்டிய இரவு, உள்ளூர் நிலையம் அதை நிறுத்திவிட்டுப் பள்ளிகளுக்கிடையிலான ஹாக்கி ஆட்டத்தைக் காட்டியது. ஊரே பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படித் தவறிப்போன எபிசோடுகளின் கதையை மன்றத்தின் செய்தி மடலில் போடுவார்கள். எழுதுவது லவோனின் வேலை. செயின்ட் பாலிலிருந்து தோழி ஒருத்தி பதிவு செய்து அனுப்பிய கேசட் பனிப்புயலில் எங்கோ மாட்டிக்கொண்டது. மடல் வியாழன் காலை நகலெடுக்கப் போயாக வேண்டும். அவள் கையிலிருந்தது தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலில் வந்த இரண்டே வரி. 'ஐலா தனியே போகிறாள். டோவன் காத்திருக்கிறான்.' அதை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினாள்.

பத்து நாள் கழித்துக் கேசட் வந்தது. போட்டுப் பார்த்தாள். டோவன் காத்திருக்கத்தான் செய்தான், சூப் குடித்துக்கொண்டு.

அடுத்த கூட்டத்தில் திருத்தம் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். அங்கே, புதிதாகச் சேர்ந்திருந்த ஒட்டடைக்குச்சி வாத்தியார் ஒருவன் எழுந்து, "நான் பாத்ததுலயே பெரிய காட்சி அந்த விளக்குதான்" என்றான். அவன் படித்திருந்தான். ஆறு மாதத்தில் படித்தது பார்த்ததாகிவிட்டது, அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். அடுத்த குளிர்காலத்தில் அவன் தன் வீட்டு வாசலில் ஒரு விளக்கை மாட்டிவிட்டு அவளுக்குத் தொலைபேசியில், "நீ வர்ற வரைக்கும் இது அணையாது" என்றான். தான் எழுதிய வசனத்தைத் தன்னிடமே சொல்லிக் கல்யாணம் கேட்கிறவனிடம் எவள்தான் திருத்தம் சொல்வாள்?

இருபத்தொன்பது வருடமாகிறது. இன்றும் அவள் வெளியே போய் இருட்டிவிட்டால் வாசலில் விளக்கு எரியும். அதே இருபத்தொன்பது வருடமாக, கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால், "உனக்குக் கதைப்போக்கு புரியாது கண்ணு, நீ காபியைப் பாரு" என்பான். ரசிகர்கள் சொந்தமாகக் கதை எழுதுவது அவனுக்குக் கட்டோடு பிடிக்காது. "அடுப்படியில உக்காந்து அடுத்தவன் பாத்திரத்துக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிற பொம்பளைங்க" என்பது அவர்களுக்கு அவன் கொடுத்த பட்டம். அந்தப் பொம்பளை ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டேதான் சொல்வான்.

இப்போது ஒன்பது பக்கத்தில் ஒரு கண்டனக் கடிதம் எழுதி வைத்திருந்தான். மார்ச் மாதம் மினியாபொலிஸில் எண்ணூறு ரசிகர்கள் கூடும் மாநாட்டில் அவனே வாசிக்கப் போகிறான். ஒன்பது பக்கமும் நின்றது அந்த ஒற்றை விளக்கின்மேல்.

போதாக்குறைக்கு டெசா. இருபத்தாறு வயது. புதுத் தொடரைப் பார்த்துவிட்டு மன்றத்துக்கு வந்த பாவத்துக்காக அவளைக் கதவோரம், குளிர்காற்று அடிக்கும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் எல்லையைத் தாண்டி, கனடாவின் தண்டர் பேயில், காலி செய்த ஒரு வீட்டின் சாமான் விற்பனையில், ஒரு பெட்டி கேசட் கண்டெடுத்திருந்தாள். கனடா நிலையம் ஒளிபரப்பியபடியே, விளம்பரம் உட்பட, மூன்றாம் சீசன் முழுவதும். இந்த ஞாயிறு கொண்டுவருகிறாள்.

ஞாயிறு காலையில் லவோன் சொல்லிப் பார்த்தாள். "ஆர்லன், அந்த விளக்குக் காட்சி விஷயமா..."

"இன்னிக்கு எல்லா வாயும் அடைஞ்சிடும்" என்றான் அவன், ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே. "நீ உங்க அக்கா வீட்டுலேர்ந்து நேரா வந்துடு. காபிப் பாத்திரத்தை மறந்துடாத."

அவள் போய்ச் சேர்ந்தபோது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு விளம்பரம், டயர் விளம்பரம், பிறகு ஐலாவின் கலம் இருளில் மறைந்தது. ஆர்லன் நாற்காலி நுனிக்கு வந்தான். "இப்ப பாருங்க."

டோவன் சூப் குடித்தான். கிண்ணத்தை வைத்தான். பெயர்கள் ஓடத் தொடங்கின.



"திருப்பிப் போடு" என்றான் ஆர்லன். டெசா திருப்பிப் போட்டாள். மறுபடியும் சூப்.

"கனடாக்காரங்களும் வெட்டிட்டாங்க" என்றார் வெண்டல், ஓய்வு பெற்ற தபால்காரர். எண்பது வயது.

"நடுவுல வெட்டே இல்லியே" என்றாள் டெசா மெதுவாக. "விளம்பரம் தவிர எங்கயும் படம் குதிக்கல."

ஆர்லன் அவள் பக்கம் திரும்பினான். வகுப்பில் பிட் அடித்தவனைப் பிடித்த குரல். "இதை யார்கிட்டேர்ந்து வாங்கின? நீயே உக்காந்து வெட்டி ஒட்டினியா? புதுத் தொடரைக் காப்பாத்தணும்னு உனக்கு எவ்வளவு அக்கறைன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"மிஸ்டர் கோஸ்கி, நான் எதுக்கு..."

"மூணாம் சீசன் ஓடறப்ப நீ பொறக்கவே இல்ல. எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்ட."

டெசாவின் கழுத்தில் சிவப்பு ஏறியது. மற்ற ஒன்பது பேரும் தங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லவோன் காபிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். அது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"அந்தப் பொண்ணை விடு. அப்படி ஒரு காட்சியே இல்ல. நான்தான் எழுதினேன்."

"நீ காபியை..."

"பாத்தாச்சு காபியை! கேசட் வரல, மடல் போகணும், நானா எழுதினேன். நாலு பக்கம். நீங்க யாரும் அந்த எபிசோடைப் பாக்கவே இல்ல. படிச்சீங்க."

"நான் பாத்தேன் லவோன்" என்றார் வெண்டல். "இந்தக் கண்ணால பாத்தேன். பச்சை விளக்கு."

"பச்சைன்னு நான் எழுதவே இல்லியே வெண்டல். அன்னிக்கு ராத்திரி நீங்க ஹாக்கி பாத்துட்டிருந்தீங்க. உங்க அண்ணன் பையன் கோல்கீப்பர். அஞ்சு கோல் விட்டான்."

அந்த ஐந்து கோலை வெண்டல் மறக்கவில்லை.

ஆர்லன் எழுந்தான். கோட்டை மாட்டினான், பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். "ம்" என்றான். "அது வித்தியாசமாத்தான் இருக்கு."

மினசோட்டாவில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. மாமியார் மருமகளின் சமையலைப் பற்றி அப்படிச் சொன்னால் அடுத்த வருடம் தனிக்குடித்தனம். ஒன்பது பக்கக் கடிதத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

லவோன் கோப்பைகளைக் கழுவினாள். பக்கத்தில் நின்று துடைத்த டெசா, "அந்தக் காட்சி ரொம்ப நல்லா இருக்கு லவோன். புதுத் தொடர்ல அப்படி ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"அதைவிட நல்லா எழுதறதுக்குப் பெரிய திறமை வேண்டாம் குட்டி."

வெளியே நாலரைக்கே இருட்டியிருந்தது. ஏரிக்காற்று காரைத் தள்ளியது. மலைச்சாலையில் ஏறும்போது அவள் மனதில் ஒரே ஒரு கணக்குதான். விளக்கு எரிந்தால் சரி. எரியாவிட்டால், தான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியது ஒரு சூப் குடிக்கிற காட்சியோடு.

வளைவில் திரும்பினாள். வாசல் இருட்டாக இருந்தது.

வீட்டெதிரே நின்று, இன்ஜினையும் ஹீட்டரையும் அணைக்காமல், போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"வாசல் விளக்கு எரியல."

"அப்படி ஒரு காட்சியே இல்லியாமே."

"இருக்கு. நான் எழுதியிருக்கேன். நீ இருபத்தொம்பது வருஷமா அதுல நடிச்சிட்டு இருக்க. போடு."

"நடிக்கலை" என்றான்.

"அப்ப போடு."

வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் விளக்கு எரிந்தது. கதவு திறந்து ஆர்லன் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்தான். கையில் பழுப்பேறிய நாலு தாள், மூலையில் துருப்பிடித்த குண்டூசி. அவள் அன்று எழுதிய அந்த மடலை அவன் வைத்திருப்பது அவளுக்கே தெரியாது. அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு சந்தேகம்" என்றான்.

இத்தனை வருடத்தில் கெஸ்ட்ரலைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் சந்தேகம்.

"கேளு."

"விண்கலத்துல காத்தை அளந்துதான் விடுவாங்க. திறந்த தீயை எவன் விடுவான்? ஒரு எண்ணெய் விளக்கு அங்க எப்படி மாசக்கணக்கா எரியும்?"

"முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் நடத்தினவன். இப்பதான் கேக்கத் தோணுதா?"

அவன் தாள்களைப் பார்த்தான். பனி அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது, கையால் மறைத்தான். "படிக்கிறப்ப தோணவே இல்ல" என்றான், அது தன் குற்றம் என்பதுபோல.

லவோன் பின் இருக்கையிலிருந்த காபிப் பாத்திரத்தை எடுத்து ஜன்னல் வழியாக அவன் கையில் திணித்தாள்.

"உள்ள போ, செருப்பெல்லாம் நனையுது. நீ காபியைப் பாரு. கதைப்போக்கை நான் வந்து சொல்றேன்."