ஆர்லீனுடைய போர்டு

மூன்று வருடங்களாக இணைய ஏலத்தில் என் கைக்கெட்டியதையெல்லாம் கடைசி நிமிடத்தில் தட்டிப் பறித்துக்கொண்டிருந்த ஆள் யாரென்று, விற்றவர்களில் ஒருவர் வாய்தவறிச் சொன்னதில்தான் தெரிந்தது. வெர்மான்ட்டின் வடகோடியில் காலுறை ஆலை நடத்தும் ஆர்லீன் புஷார். என் வீட்டு நிலவறையில் பீரோ அளவுக்கு ஒரு மினி கம்ப்யூட்டர் நிற்கிறது. 1972இல் செய்தது. கதவின் திருகாணி முதல் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துவிட்டேன். மெமரி போர்டு ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் முகப்பு விளக்குகள் எரியும், அசையாது. ஏலத்துக்கு வந்த ஆறு போர்டுகளையும் அந்தப் பெண்மணி வாங்கியிருந்தார். ஆறை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? தலையே வெடித்துவிடும் போலிருந்தது. என் ஊரான வூஸ்டரிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டிப் போனேன்.

"என்கூட மல்லுக்கட்டுன ஆளு நீதானா? பாத்தா அவ்வளவு பிடிவாதக்காரனாத் தெரியலியே" என்றார். அறுபது வயதிருக்கும். கையில் காபி, காதில் பஞ்சு.

உள்ளே வரிசையாகப் பின்னல் இயந்திரங்கள். அவற்றுக்கு நடுவே என் கம்ப்யூட்டரின் கூடப் பிறந்தது மாதிரி ஒன்று, விளக்குகள் சரசரவென்று ஓட, வேலை செய்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"பூ டிசைனெல்லாம் இதுதான் பின்னுது. பதினோரு வருஷமா இதை அணைச்சதே இல்ல. கரன்ட் போனா ஜெனரேட்டர். அணைச்சா மறுபடி எழுந்திருக்குமோ என்னமோ, யாரு கண்டா? இருபத்திரண்டு பேருக்கு இதுலதான் பொழப்பு."

அலமாரியைத் திறந்தார். ஆறு போர்டுகளும் ஆளுக்கொரு கம்பளிக் காலுறைக்குள் இருந்தன.

"ஐயோ, கம்பளியா! உரசி மின்சாரம் ஏறி செத்துருமே!"

"என்கிட்ட வேற என்னப்பா இருக்கு?"

"இதுல எது நல்லது?"

"அது தெரிஞ்சா ஆறு எதுக்கு வாங்குறேன்? போட்டுப் பாக்கணும்னா இதை அணைக்கணுமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் இருப்பதோ எப்போது வேண்டுமானாலும் அணைக்கக்கூடிய இயந்திரம். சோதித்துத் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல தேறுறது எனக்கு. ரெண்டாவது தேறுனா உனக்கு. சரியா?"

தலையாட்டினேன்.

ஒரு வாரத்தில் ஐந்து போர்டுகள் செத்தவை என்று தெரிந்தது. ஞாயிறு காலை ஆறாவதைச் செருகி சுவிட்சைத் தட்டினேன். விளக்குகள் ஓடின. வலமிருந்து இடமாக, நின்று, மறுபடி. மூன்று வருடங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதில் வெட்கமில்லை. ஆறுமே செத்தவை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் அப்போதே தோன்றியது. அதில்தான் வெட்கம்.

தொலைபேசியில் அழைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு."

பின்னல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"போனை அதுகிட்ட வை."

வைத்தேன். மின்விசிறிச் சத்தத்தை நெடுநேரம் கேட்டார்.

"அங்கேயே ஓடட்டும். அலமாரியில தூங்குறதை எப்படி நம்புறது? எனக்கு வேணும்னா கூப்பிடுறேன். அன்னைக்கே கழட்டி எடுத்துட்டு வந்துரணும். ஏமாத்துன, உன் காலை அளந்து சங்கிலி பின்னிருவேன்."

எட்டு மாதமாக ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து ஒரு ஜோடி காலுறை வந்தது. வெர்மான்ட்டின் வானிலையை என் ஊர் வானிலைக்கு முன்னால் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

நேற்று அங்கே பனிமழை, மரங்கள் விழுந்து கரன்ட் போய்விட்டதாம். காலையில் காபியோடு இறங்கி வருகிறேன், கம்ப்யூட்டரின் தலைமேல் வைத்திருந்த போன் அடிக்கிறது. வெர்மான்ட் எண். விளக்குகள் இடக்கோடிக்குப் போய், நின்று, திரும்புகின்றன. இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கை நீட்டினேன்.