ஞாயிற்றுக்கிழமைப் பாரம்

வெள்ளி காலை பத்து இருபத்தாறு. ராகு காலம் தொடங்க நான்கு நிமிடம் இருந்தது.

குகதாசன் போனைக் கையில் பிடித்தபடி கராஜுக்குள் நின்றான். அவனுடைய பழைய மொறிஸ் மைனரின் பின்பக்கத்தை இரண்டு பனங்குற்றிகள் தூக்கிப் பிடித்திருந்தன. பின் சில்லுகள் நிலத்தைத் தொடாமல் தொங்கின. காருக்குக் கீழே செபநாயகம் மல்லாந்து கிடந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அண்ணை, நாலு நிமிசம்."

"உனக்கு ராகு காலம். எனக்குச் சேர்ச். காருக்கு ரெண்டும் இல்லையடா."

"பத்தரைக்கு முதல் கடைசி நட்டை இறுக்கிப்போடுங்கோ. பிறகு தொடங்கினால் விளங்காது."

"இறக்கிப்போட்டுத்தான் இறுக்கோணும். சில்லு நிலத்திலை நிக்கோணும். ஆக்கள் ஏறி இருக்கோணும்."

"இறக்கப் பத்து நிமிசம் செல்லுமே. மூண்டுதான் இருக்கு."

"உன்ரை கார். உன்ரை விருப்பம்." பிறகு ஸ்பனர் திரும்பும் சத்தம் கேட்டது.

பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்கும் வில்லுத்தகடுகள் காரோடு சேரும் இடங்களில் சின்ன றப்பர்கள் இருக்கும். புஷ் என்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. அவை தேய்ந்தால் இரும்பில் இரும்பு இடிக்கும். குகதாசனின் கார் எட்டு மாதமாக இடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் டொக். அவன் சித்தங்கேணிச் சந்தியில் திரும்பும்போதே வட்டுக்கோட்டையில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிவிடலாம் என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள்.

எட்டு மாதமும் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. போன ஞாயிறுதான் பயம் வந்தது.

ஞாயிறுகளில் அவன் நல்லம்மாவையும் அவருடைய மகள் ஷாமினியையும் சித்தங்கேணியிலிருந்து வட்டுக்கோட்டைத் தேவாலயத்துக்கு ஏற்றிப்போவான். பதினொரு நிமிட ஓட்டம். ஷாமினி கணக்கு ரீச்சர். வயது முப்பத்தொன்பது. அவனுக்கு நாற்பத்து மூன்று. அவள் தாயோடு பின்சீற்றில் இருப்பாள். அவன் கண்ணாடியில் பார்ப்பான். சில வேளை அவளும் பார்ப்பாள். சொல்ல ஒன்று இருந்தது. இரண்டு வருடமாகச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் பள்ளம் வந்தது.

போன ஞாயிறு இறங்கும்போது நல்லம்மா சொன்னார். "தம்பி, முதுகு முள்ளிலை ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு. அடுத்த கிழமையும் உந்தச் சத்தம் எண்டால் நாங்கள் ஓட்டோவிலை போறம்."

ஓட்டோ என்றால் பதினொரு நிமிடமும் போய்விடும். வாரத்தில் அவனுக்கு வேறு நிமிடங்கள் இல்லை.

"முடிஞ்சுது. நேரம் என்ன?" என்றார் செபநாயகம் கீழிருந்து.

"பத்து இருபத்தொன்பது!"

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். "தாலி கட்டினவன் மாதிரிச் சிரிக்கிறாய். ஞாயிறுக்குச் சத்தம் நிக்கோணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டாய். மற்ற ஆறு நாளும் இடிக்கலாமோ?"

"மற்ற ஆறு நாளும் நான் தனியத்தானே அண்ணை."

செபநாயகம் அவனை ஒரு முறை பார்த்தார். ஞாயிறுகளில் அந்தக் காரில் யார் வந்து இறங்குவது என்று அவருக்குத் தெரியும். அவரும் அதே தேவாலயத்துக்குப் போகிறவர்.

கார் சத்தமில்லாமல் ஓடியது.

குகதாசன் பண்டத்தரிப்பு வரை போனான். முன்பு விலத்திய பள்ளங்களில் இப்போது ஏறினான். ஒன்றைத் தவறவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்து அதில் ஏறினான். ஒன்றுமில்லை. தோட்டத்து ஒழுங்கையில் ஒரு நாய் நடுவில் படுத்திருந்தது. வழக்கமாக அரை மைலுக்கு அப்பால் அவன் வரும்போதே எழும்பிவிடும். இன்று கிட்டப்போய்க் ஹோண் அடிக்கவேண்டி வந்தது. நாய் எழும்பி அவனை நம்பாமல் பார்த்தது. அவன் அதைப் பார்த்துக் கையசைத்தான்.

சனிக்கிழமை தூரத்தில் இருக்கும் கரவெட்டி வரை போனான். அங்கே அவனுக்கு ஓர் அலுவலும் இல்லை. ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பினான். போகும்போதும் வரும்போதும், ஷாமினிக்குச் சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். மூன்று விதமாகச் சொன்னான். மூன்றாவது நன்றாக இருந்தது. அதை நாலாவது தடவை சொல்லும்போது பின்னால் ஏதோ கிறீச்சிட்டது.

பிறகு டொக்.

நேரே கராஜுக்கு விட்டான். செபநாயகம் காரைக் கிடங்குக்கு மேலே ஏற்றச் சொன்னார். கீழே நின்று வேலை செய்யக் கட்டிய சிமெந்துக் கிடங்கு அது. உள்ளே இறங்கி ஒரு றப்பரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிழிந்த துணிபோல அது முறுகி ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"சில்லு தொங்கேக்கை இறுக்கினது. இறக்கின உடனை முறுகிப்போச்சு. அதோடை எங்கையடா திரிஞ்சனி?"

"கரவெட்டி."

"கரவெட்டியிலை என்ன?"

"சோடா."

செபநாயகம் அந்த றப்பரை அவன் கையில் வைத்தார்.

"ராகு காலத்துக்கு முதல்தானே அண்ணை இறுக்கினது?"

"ஓம். ராகுவிலை ஒரு பிழையும் இல்லை." அவர் மேசையில் இருந்த பெட்டியைத் திறந்தார். "இன்னொரு செற் கிடக்கு. நாளைக்கு விடியப் போடுறன். ஆனால் இந்த முறை பாரம் ஏத்தித்தான் இறுக்குவன்."

"வெங்காயச் சாக்குக் கொண்டுவரட்டோ?"

"ஞாயிற்றுக்கிழமை உன்ரை காரிலை ஏறுறது வெங்காயமோ?"

குகதாசன் வெளியே போய் வேலியோரம் நின்று ஷாமினிக்குப் போன் எடுத்தான்.

"ரீச்சர், நாளைக்கு நீங்களும் அன்ரியும் ஏழு மணிக்குச் செபநாயகம் அண்ணையின்ரை கராஜுக்கு வரோணும்."

"ஏன்?"

"பாரத்துக்கு."

"என்னத்துக்கு?"

"றப்பர் இறுக்கேக்கை பாரம் இருக்கோணும். உங்கடை பாரம்."

"எங்கடையோ?"

"அன்ரியின்ரை கூட ரீச்சர். உங்கடை அவ்வளவு இல்லை. ஆனால் தேவை."

மறுபக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்புப்போலவும் இருமல்போலவும் இருந்தது. "வாறம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு ஏழு மணிக்கு ஓட்டோ ஒன்று கராஜ் வாசலில் நின்றது. நல்லம்மா வெள்ளைச் சீலை, ஷாமினி நாவல் நிறச் சீலை. செபநாயகம் விடியவே பன்னிரண்டு றப்பரையும் சவர்க்காரத் தண்ணியில் நனைத்து ஏற்றிவிட்டார். கார் கிடங்குக்கு மேலே நான்கு சில்லிலும் நின்றது. நட்டுகள் மட்டும் இறுக்கப்படாமல் இருந்தன.

"எழுபது வயதிலை என்னைத் தராசிலை வைக்கிறியள்," என்றார் நல்லம்மா. ஆனாலும் ஏறினார். குகதாசன் ஓட்டும் இடத்தில் இருந்தான். நல்லம்மா அவனுக்குப் பின்னால். பக்கத்தில் ஷாமினி.

கிடங்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, பையை மடியிலை வையுங்கோ. அதுவும் பாரம்."

"பாட்டுப் புத்தகமுமோ?"

"வேதாகமமும் அக்கா. ஒண்டையும் விடாதையுங்கோ."

ஸ்பனர் நட்டில் ஒரு முறை தட்டி நின்றது. பிறகு செபநாயகம் இருமினார்.

"இது சரிவராது. பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. ரீச்சரை முன்னுக்கு வரச் சொல்லுங்கோ."

"முன்னுக்கோ?" என்றார் நல்லம்மா. "சேர்ச் வாசலிலை ஆக்கள் பார்ப்பினம்."

"கிடங்குக்குள்ளை எனக்கு ஆக்கள் தெரியினமில்லை அக்கா. வில்லுத்தகடுதான் தெரியுது."

ஷாமினி இறங்கவில்லை. யன்னலால் தலையை நீட்டிக் கிடங்கைப் பார்த்தாள். "அங்கிள், இவ்வளவு நாளும் நான் பின்னாலைதானே இருந்தனான். கார் ஓடினதுதானே?"

"ஓடினது ரீச்சர். இடிச்சுக்கொண்டு."

"அது றப்பர் தேய்ஞ்சபடியால். நான் இருந்தபடியால் இல்லை."

"ரீச்சர், அது பெரிய கணக்கு. கிடங்குக்குள்ளை நிண்டு செய்யேலாது."

குகதாசன் ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஷாமினி தலையை உள்ளே எடுத்தாள். கதவு திறந்தது. மூடியது. முன்கதவு திறந்தது. நாவல் நிறச் சீலை அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தது.

"இப்ப?" என்றாள் கீழே பார்த்து.

"இப்ப நல்ல சமநிலை," என்றார் செபநாயகம். ஸ்பனர் திரும்பத் தொடங்கியது.

கடைசி நட்டை இறுக்கிவிட்டு மேலே வந்து நல்லம்மாவின் யன்னலருகே நின்றார். சேர்ச்சில் சாட்சி சொல்பவரின் முகம் அவருக்கு.

"அக்கா, கவனமாய்க் கேளுங்கோ. இந்த இருப்புக்குத்தான் இறுக்கியிருக்கு. இடம் மாறினால் றப்பர் முறுகும். இனி இப்பிடித்தான் இருக்கோணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு பத்து வருசம்."

"அதுக்கிடையிலை நான் போயிடுவன், செபநாயகம்."

"போனால் சொல்லுங்கோ. வந்து திருப்பி இறுக்குவன்."

நல்லம்மா யோசித்தார். "சரி. வேலை தெரிஞ்சவை சொன்னால் கேட்கத்தானே வேணும்." வாசலில் நின்ற ஓட்டோவைப் போகச் சொல்லிக் கை காட்டினார். "தம்பி, இன்னும் நேரம் கிடக்கு. சேர்ச்சுக்கு ஒரு சுற்றுச் சுத்திக்கொண்டு போவம். உண்மையிலை சத்தம் நிண்டதோ எண்டு பார்ப்பம்."

கராஜிலிருந்து தேவாலயம் ஐந்து நிமிடம்கூட இல்லை. குகதாசன் சித்தங்கேணிப் பக்கம் திருப்பினான்.

முதலாவது பள்ளம். ஒன்றுமில்லை.

இரண்டாவது. நல்லம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை.

"தம்பி, காரோ வள்ளமோ?" என்றார்.

மூன்றாவது பள்ளத்தில் குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். பக்கத்தில் ஷாமினியின் தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்தார்கள். அவன் ஒரு சைக்கிள்காரருக்குத் தேவையில்லாமல் வணக்கம் சொன்னான்.

"என்ன?" என்றார் நல்லம்மா.

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கு ரெண்டு பேரும் சிரிக்கிறியளோ? பின்னாலை இருந்தால் எனக்கு ஒரு பகிடியும் வராது."

ஒரு சுற்று முடிந்து தேவாலயத்துக் கூரை தெரிந்தது. மணி அடிக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம். காருக்குள் அவ்வளவு அமைதி இருந்தது. நல்லம்மா மூக்குக்கண்ணாடிக் கூட்டை மூடும் சத்தம்கூடக் கேட்டது. கரவெட்டி வழியில் பழகிய மூன்று விதமும் அவனுக்கு மறந்துபோயின.

"ரீச்சர், நாளைக்கும் உந்தச் சீற்றிலை இருப்பியளோ?"

"நாளைக்குத் திங்கள், தம்பி," என்றார் நல்லம்மா பின்னாலிருந்து. "திங்கக்கிழமை சேர்ச் இல்லை."

"சேர்ச்சுக்கு இல்லை, அன்ரி."

"பின்னை எங்கை?"

அவன் காரை வேலியோரம் நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்தினான். ஷாமினி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"ஷாமினி, என்னைக் கலியாணம் கட்டுவியளோ?"