பாடம் பலித்த பெண்

பெஹாலாவில் இருந்த அந்தப் பள்ளிக்குக் கல்யாணி வருவது இது இரண்டாவது தடவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷமாகச் சுற்றுச்சூழல் பாடம் நடந்தது. தொடங்கும்போது முப்பது கேள்வி, முடிந்த பிறகு அதே முப்பது கேள்வி. இரண்டையும் ஒப்பிட்டு, பாடத்தால் பலன் உண்டா என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை.

பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். மௌஷுமியின் தாள் மட்டும் இல்லை.

"அவ ரெண்டு மாசமா வர்றதில்ல," என்றார் வகுப்பு ஆசிரியை. "உங்க பாடத்தை ரொம்ப நல்லாப் படிச்சுட்டா."

மௌஷுமியின் வீட்டருகே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கிற பட்டறை இருந்ததாம். ஆசிட் கழிவெல்லாம் குளத்தில்தான் விழும். அவள் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, கடிதமும் எழுதி, வார்டு ஆபீஸில் கொடுத்துவிட்டாள். அதிகாரிகள் வந்து பட்டறைக்கு சீல் வைத்தார்கள். அவளுடைய அப்பா வேலை பார்த்ததும் அங்கேதான்.

கல்யாணி வீட்டைத் தேடிப் போனாள். மௌஷுமியின் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவர் சூரத்துக்கு வேலைக்குப் போயிட்டார், தீதி. பட்டறை ஒண்ணும் நிக்கல. மூணு தெரு தள்ளி வேற பேர்ல நடக்குது. மத்தவங்களையெல்லாம் சேர்த்துக்கிட்டாங்க, இவரைத் தவிர." இப்போது தாயும் மகளுமாக நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

கல்யாணி கொண்டுவந்திருந்த கேள்வித்தாளை மௌஷுமி வாங்கி மடமடவென்று எழுதினாள். எல்லாம் சரியான விடை. 'யாராவது தண்ணீரைக் கெடுத்தால் புகார் சொல்வாயா?' என்ற கேள்வியில் மட்டும் சற்று நின்றாள். பிறகு 'மாட்டேன்' என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

கல்யாணி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஸ்கூலுக்கு வர்றியா? நான் பேசறேன்."

"அப்பா வரட்டும்."

"எப்ப வருவார்?"

மௌஷுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை.

வெளியே வந்ததும் கல்யாணி தன் மேலதிகாரி ரங்கராஜனுக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"இவளைக் கணக்குல எங்க சேர்ப்பீங்க, கல்யாணி? பள்ளிக்கூடத்தை விட்டுட்டாலே அந்தத் தாள் செல்லாது."

"பாடம் உண்மையிலேயே ஏறினது இவளுக்குத்தான் சார்."

"புரியுதும்மா. அதுக்கு நம்ம படிவத்துல இடம் இல்லியே. பின்னாடி ரெண்டு வரி எழுதுங்க. அதையும் படிப்பாங்களான்னு தெரியல."

கல்யாணி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. தலைமை ஆசிரியை, இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றார். அதைச் சொல்ல அடுத்த வாரம் மறுபடி போனபோது, மௌஷுமியின் அம்மா சந்து முனையிலேயே அவளை நிறுத்திவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க தீதி. நீங்க வந்துட்டுப் போனா, இவ திரும்ப ஏதோ எழுதிக் கொடுத்திருக்கான்னு தெருவுல பேசறாங்க. இனிமே வராதீங்க."

கல்யாணி தலையசைத்தாள். வாசலில் பக்கெட்டோடு நின்ற மௌஷுமி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கூப்பிடலாமா என்று நினைத்த கல்யாணி, கூப்பிடாமலே ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.