தண்ணீர் நின்ற பெரிய வெள்ளி

வாளியைப் பழக்கத்தில் பார்க்காமலே கல்முகத்தின் வாய்க்குக் கீழே வைத்துவிட்டு, சாயங்கால ஊர்வலத்தில் தூக்கிப் போகும் ஆண்டவரின் பாடைக்கு ரோஸ்மேரிக் கொத்து பறிக்கப் போயிருந்தாள் சுல்மீரா. திரும்பி வந்தபோது வாளி காலியாக இருந்தது. யாரோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சந்துப் பிள்ளைகளை மனத்துக்குள் ஒரு பாட்டம் திட்டியும் முடித்தாள். அப்புறம்தான் வாளியின் அடி காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். கன்னம் உப்பிய கல்முகம் என்றைக்கும் போல வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

மினாஸ் மலைகளில் தங்கம் கிடைத்த காலத்தில் அடிமைகளை வைத்துக் குடைந்த சுரங்கத்தின் தண்ணீர் அது. தங்கம் தீர்ந்தது, முதலாளிகள் போனார்கள், சுரங்கம் மட்டும் மலைக்குள் இருந்துகொண்டு தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. அது வெளியே வரும் இடத்தில் எவனோ ஒரு சிற்பி மாக்கல்லில் ஒரு முகத்தைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனான். பக்கத்துப் பாறை மேல் நிற்கும் நல்மரண மாதா கோயிலின் வாசலில் இருக்கும் தேவதூதர்களுக்கும் இதே உப்பிய கன்னம்தான். ஊரில் குன்றுக்கு ஒரு கோயில் உண்டு. எல்லாவற்றிலும் தங்கம் பூசிய பீடம், முறுக்கிய தூண்கள், கூரையில் மேகத்துக்குள் மிதக்கும் புனிதர்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பெரிய கோயில்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஏறி வர அவர்களுக்கு மூச்சு போதாது. இந்தக் கோயிலின் சாவியும் துடைப்பமும் மணிக்கயிறும் சுல்மீராவின் பொறுப்பு.

அவள் கையைக் கல்வாய்க்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். இலையோ சேறோ அடைத்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. எதுவும் அடைத்திருக்கவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று மட்டும் வந்து விரலில் பட்டது.

கோடையில் ஆறே வற்றிய வருடம்கூட இந்தத் தண்ணீர் நின்றதில்லை. இந்த வாரமோ குருத்து ஞாயிறிலிருந்து விடாத மழை. இன்று காலையில்தான் வெயில் அடித்தது. கீழே மலையின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சந்தில் துணியெல்லாம் கொடிக்கு வந்திருந்தது. சாயங்காலம் ஊர்வலம் நனையாமல் போகும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அத்தனை மழையும் உள்ளே போயிருக்கிறது, வெளியே வரவில்லை என்றால் எங்கே நிற்கிறது? இரண்டு வருடத்துக்கு முன் எதிர்க்குன்று சரிந்து ஏழெட்டு வீடுகளை மூடியபோது, சாவு வீட்டில் ஒருத்தி காபியை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னது ஞாபகம் வந்தது. சரியறதுக்கு முதல் நாள் எங்க ஊத்து நின்னு போச்சு, வீட்டு முத்தம் காயுமேன்னு சந்தோஷப்பட்டோம். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பேச்சு அன்றைக்கு யார் காதிலும் ஏறவில்லை.

சுல்மீராவுக்கு மலையைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. போன வருடம் ஒரு மழை நாளில் மலை முனகியது போல அவளுக்குக் கேட்டது. சந்து முழுக்க ஓடிக் கதவைத் தட்டினாள். ஜனங்கள் மெத்தையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடியும்வரை நனைந்தார்கள். மலை அசையவே இல்லை. அந்த ஓட்டத்தில் பெர்பெத்துவா ஈரப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து சுல்மீராவுக்கு அக்கா மாதிரி இருந்தவள், அன்றைக்குப் படுத்தவள், இன்னும் ஜன்னலோரக் கட்டிலை விட்டு எழவில்லை. அவள் மகன் வால்தெசி சுல்மீராவை அந்த வீட்டு வாசலில் ஏற்றுவதில்லை. சந்து அவளுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தது. மளிகைக் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

மறுபடியும் பொய்யாகிவிட்டால்? யாராவது மறுபடியும் விழுந்தால்? ஒருவேளை சுரங்கத்துக்குள் தண்ணீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்திருக்கும். தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

சாமியாருக்குப் போன் செய்தாள். பெரிய கோயிலில் சடங்கு நடந்துகொண்டிருந்தது, போன் அணைந்து கிடந்தது. நகராட்சி ஆபத்து எண்ணில் ஒரு பையன் எடுத்து, "மழையே விட்டுருச்சேம்மா, வெயில் அடிக்குதே," என்றான். ஆள் அனுப்புவதாகச் சொன்னான். எப்போது என்று சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் சந்துக்கு இறங்கினாள். வால்தெசி வாசல்படியில் உட்கார்ந்து செருப்புக்குச் சாயம் தேய்த்துக்கொண்டிருந்தான். பாடை தூக்குகிறவர்களின் ஊதா அங்கியை அதற்குள் மாட்டியிருந்தான். அவளைப் பார்த்ததும் பிரஷ் நின்றது.

"என்ன அத்தை, இன்னிக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

"சத்தமே இல்லப்பா, அதான். கல்முகத்துல தண்ணி நின்னு போச்சு. மலை இத்தன நாள் குடிச்சத வெளிய விடாம வச்சிருக்கு. அக்காவத் தூக்கிட்டு மேல வந்துரு, கோயில் பாறை மேல நிக்குது, ஒரு ராத்திரி அங்க படுங்க."

"போன தடவ மலை முனகுச்சு. இந்தத் தடவ விக்கிக்கிட்டு நிக்குது." அவன் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு இன்னொரு இடுப்பு இல்ல அத்தை. போய் உங்க மெழுகுவத்தியப் பாருங்க."

உள்ளேயிருந்து பெர்பெத்துவாவின் குரல் வந்தது. "யாருடா அது?"

"யாருமில்லம்மா. காத்து."

எதிர்வீட்டுப் பச்சை ஜன்னலிலிருந்து மாரில்தா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சைரன் ஊத ஆரம்பிச்சாச்சா? அடுப்புல மீன் கெடக்கு எனக்கு. எங்கயும் வர மாட்டேன்," என்றாள். இரண்டு வீடு தள்ளி யாரோ சிரித்தார்கள். சுல்மீராவின் முகம் சுட்டது. இன்னொரு கதவைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கோயிலுக்குத் திரும்பினாள். உள்ளே புனிதர்களின் சுரூபங்கள் எல்லாம் இந்த வாரத்து வழக்கப்படி ஊதாத் துணிக்குள் மூடிக் கிடந்தன. மாதாவின் முகத்தையாவது பார்த்தால் தேவலாம் என்றிருந்தது, அதற்கும் வழியில்லை. கோபுரத்தின் கீழே போய் நின்றாள். நேற்று, பெரிய வியாழன் இரவில், அவளே மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள். ஆண்டவர் உயிர்த்தெழும் பாஸ்கா இரவு வரை ஊரில் ஒரு மணியும் ஒலிக்கக் கூடாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். இந்த நாளில் மணி அடிப்பது ஆண்டவரை இன்னொரு தடவை ஆணியடிப்பது என்று இந்த ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

வேறு நாளாக இருந்தால் மணி அடித்து ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டு மீனைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இன்றைக்கு அடித்தால்? ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். அவளைத் திட்டுவதற்காகவே அத்தனை பேரும் ஏறி வருவார்கள். அவர்கள் அவளை நம்ப வேண்டியதில்லை. கோபப்பட்டால் போதும்.

இது தோன்றியதும் அவளுக்குப் பயம் குறையவில்லை, கூடித்தான் போனது. நாளைக்குச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். நற்கருணை அப்பம் வாங்க நாக்கை நீட்டினால் சாமியார் தாண்டிப் போய்விடுவார். இந்த ஊரில் அவள் முகத்தில் விழிக்க ஆள் இருக்காது. அழுதுகொண்டேதான் கோபுரப் படி ஏறினாள், அழுதுகொண்டேதான் துணியை அவிழ்த்தாள். மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று சொல்லியபடி கயிற்றை இழுத்தாள்.

தீப்பிடித்தால் அடிக்கும் அடி அவளுக்குத் தெரியும். அதை அடிக்கவில்லை. அதற்கு ஓடுவார்கள், ஓடினால் விழுவார்கள். சவ அடக்கத்துக்கு அடிப்பதுபோல ஒரு அடி, நீண்ட இடைவெளி, இன்னொரு அடி என்று நிதானமாக அடித்தாள். வெயிலில் மின்னிக்கொண்டிருந்த குன்றுகள் மேல் சத்தம் போய் விழுந்தது. எதிர்க்கோபுரங்கள் எல்லாம் வாய் கட்டி நின்றன.

கோபுரத் துவாரம் வழியே பார்த்தாள். சந்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலைகள் நிமிர்ந்தன. கைகள் அவளை நோக்கி நீண்டன. பிறகு படிகளில் கூட்டம் ஏறத் தொடங்கியது. யாரும் ஓடவில்லை. கோபத்தோடு ஏறுகிறவர்கள் படியைப் பார்த்து, காலை அழுத்தி வைத்துத்தான் ஏறினார்கள். மாரில்தா கரண்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து வந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் கடைசியில் ஒரு ஊதா அங்கி. வால்தெசி தன் அம்மாவை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். கிழவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ அதட்டிக்கொண்டே வந்தாள்.

முற்றம் நிறைந்தது. "எறங்குடி கீழ," "புத்தி பெரண்டு போச்சு அவளுக்கு," "ஆண்டவர் செத்துக் கெடக்காரு, மணி அடிக்கிறா பாரு." ஏச்சு கோபுரம் வரை வந்தது. சுல்மீரா கயிற்றை விடவில்லை. விட்டால் இறங்கிப் போய்விடுவார்கள் என்று பயம். உள்ளங்கை உரிந்து எரிந்தது.

"எங்கம்மா உங்கள நேருக்கு நேர் கேக்கணுமாம்," என்று வால்தெசி கத்தினான். "கேளும்மா. கேட்டுட்டுப் போவோம்."

பெர்பெத்துவா மகனின் தோளுக்கு மேல் முகத்தைத் தூக்கினாள். ஒரு வருடமாக ஜன்னலோரம் படுத்தே கிடந்த முகம் வெயிலுக்குக் கண் சுருங்கியது.

"சுல்மீரா, நிறுத்துடி கொஞ்சம். காலையிலேருந்து கண்ணசர முடியல எனக்கு. என்னமோ கொறையுது, என்னன்னு தெரியல. இவங்கிட்டக் கேட்டா காத்துங்கிறான்." மூச்சு வாங்கினாள். "தண்ணிச் சத்தம் எங்கடி?"

சுல்மீராவின் கை கயிற்றிலிருந்து தானாக நழுவியது. மணியின் ரீங்காரம் மெல்ல மெல்ல அடங்கியது. ஏசிக்கொண்டிருந்தவர்கள் காதைத் தீட்டினார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, கேட்பதையே மறந்துவிட்ட சத்தம் அது. எல்லோரும் அதைத் தேடி ஒரே நேரத்தில் கல்முகத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்கள். வால்தெசி அம்மாவை இறக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மீன் தீய்ந்துவிடும் என்று ஏற்கனவே திரும்பியிருந்த மாரில்தா முதல் படியின் விளிம்பில் நின்றாள். கீழே திறந்து கிடந்த வீடுகளில் எதிலோ ரேடியோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. அவள் ஒரு காலைப் படிக்குத் தூக்கியவள், அதைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.