வால் நறுக்கிய முகவரி

சாவிக்கடைக்காரருக்கு யாரையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை. எந்தப் பூட்டையும் நொடியில் திறக்கத் தெரிந்தவருக்குத் தன் பூட்டின் மேல் மட்டும் எப்படி நம்பிக்கை வரும்? மனைவியின் தம்பியை மட்டும் கொஞ்சம் நம்பினார். கடையின் வெப்சைட் அவன் பொறுப்பு. ஆனால் அதற்குள் கைவைக்கும் வழி கடைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அதனால் கடையின் இன்னொரு சாவி அவனிடம் இருந்தது. கடை திறக்கும் முன்பே வந்து வேலையை முடித்துவிட்டுப் போவான்.

ஒரு மத்தியானம் விலைப்பட்டியல் பக்கத்தைப் பார்க்க முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. ஆனால் முகவரியின் கடைசியில் வால் மாதிரி இருந்த 'டாட் எச்டிஎம்எல்' கண்ணெதிரே காணாமல் போயிருந்தது. உடனே போனை எடுத்தார்.

"மாப்ள, நான் அடிச்சது ஒண்ணு, அங்க நிக்கிறது ஒண்ணு. வாலை எவன் நறுக்கினான்?"

"நான்தான் அத்தான். பார்க்கச் சுத்தமா இருக்கட்டுமேன்னு எல்லாப் பக்கத்துக்கும் எடுத்துட்டேன். பழைய முகவரியை அடிச்சாலும் சர்வரே புதுசுக்குத் திருப்பி விட்டுடும். வர்றவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அந்தத் 'தெரியவே தெரியாது' அவருக்கு உறுத்தியது. ஒரு வாசலுக்கு வந்தவனை அவனுக்கே தெரியாமல் இன்னொரு வாசலுக்குத் திருப்ப முடியுமென்றால், அந்த வாசல் வேறு கடையுடையதாக ஏன் இருக்கக் கூடாது? பேருந்து நிலையத்தருகே புதிதாக முளைத்த சாவிக்கடைக்கும் இவன்தானே வெப்சைட் செய்து கொடுத்தான்!

அதற்குத் தோதாக அந்த வாரம் போன் ஊமையானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்பவர்கள் 'அவசரம்' என்ற பக்கத்தில் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. மச்சினனோ, "அப்புறம் பேசறேன் அத்தான்" என்று நழுவினான். அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

"உன் தம்பி நம்ம ஆளுங்களை அந்தக் கடைக்கு அனுப்பறான்" என்றார் மனைவியிடம்.

"அவனா? அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா அவன் இந்நேரம் எங்கேயோ இருப்பான்" என்றாள் அவள், தட்டிலிருந்து நிமிராமல்.

மறுநாள் கடையைச் சாத்தும்போது பூட்டையே மாற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுப் பூட்டை மாட்டி முடித்த நேரத்தில் ஒரு நர்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"வீட்டைப் பூட்டிட்டேன், சாவி உள்ளே இருக்கு. உங்க அவசரப் பக்கத்தைத் திறந்தா அனுமதி இல்லைன்னு வருது. கடையை இழுத்து மூடிட்டீங்களோன்னு நினைச்சேன்."

அவள் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். மேலே இருந்தது அவர் கடை முகவரிதான். வேறு கடையின் பெயர் எங்கும் இல்லை. திருடவில்லை என்றால், பின் எதை மறைக்கிறான்?

காலையில் அவர் வந்தபோது மச்சினன் வாசலில் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பூட்டு மக்கர் பண்ணுது அத்தான்" என்றவன், குனிந்து பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். கையிலிருந்த பழைய சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவர் திறந்துவிட்டார்.

உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே பேசினான். "பக்கத்துக்கும் அவசரம்னு பேரு, படம் வச்சிருக்கிற ஃபோல்டருக்கும் அதே பேரு. வால் இருந்தவரைக்கும் குழப்பமில்ல. நான் வாலை எடுத்ததும், சர்வர் பக்கத்தை விட்டுட்டு ஃபோல்டரைத் திறக்கப் போயிருக்கு. ஃபோல்டருக்குள்ள யாரையும் விடாது. காரணம் நேத்துதான் புரிஞ்சது."

"பக்கம் வேலை செய்யலைன்னு எப்போ தெரியும்?"

"நாலஞ்சு நாளா."

"ஏன் சொல்லல?"

"வேணும்னே பண்ணிட்டேன்னு நினைப்பீங்க."

மச்சினன் ஃபோல்டரின் பெயரை மாற்றினான். பக்கம் திறந்தது, அவர் எண் பளிச்சென்று தெரிந்தது. அவர் புதுப் பூட்டின் இரண்டாவது சாவியை மேஜை மேல் மெல்ல நகர்த்தினார்.

"வேணாம் அத்தான், உங்ககிட்டயே இருக்கட்டும். வெப்சைட்டோட பாஸ்வேர்டையும் மாத்திக்கோங்க. இந்தக் கட்டத்துல அடிங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அவர் ஒற்றை விரலால் தட்டினார். நாலு எழுத்து அடித்ததும் கை தானாக நின்றது. எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் அவன் முகம் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். தெரிந்தது. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான்.