கிழக்கு பார்த்த பால்கனி

என் அக்கா வெஸெலா ஒரு பால்கனியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று டான்யூப் கரையிலிருக்கும் எங்கள் ரூசே நகரத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளோடு தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் கிளப்பிவிட்ட கேலி அது. அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிக்காதவர் ஒருவர்தான், அந்தப் பால்கனிக்குச் சொந்தக்காரர்.

முதலில் அக்காவின் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜன்னல் பொருத்துகிறவன். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் ஆளைப் பார்க்காது, ஜன்னலைத்தான் பார்க்கும். அக்கா வீட்டில் அதற்கு வழியில்லை. நாலாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, மேற்குப் பார்த்து இரண்டே ஜன்னல். இரண்டையும் ஆர்க்கிட் மறைத்துக்கொண்டிருக்கும். ஜன்னல் விளிம்பு நிறைந்ததும் மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டாள். கம்பி நிறைந்ததும் ஃப்ரிட்ஜின் தலையில் வெயிலுக்குப் பதிலாக விளக்குப் போட்டு அங்கே ஏற்றினாள். பிறகு குளியலறைக்குள் புகுந்தாள். நான் என் கையால் பொருத்திக்கொடுத்த அருமையான ஜன்னல்கள், ஆகஸ்ட் வெக்கையில்கூடத் திறக்க முடியாது. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு வைக்க வேண்டுமென்றால் இரண்டு தொட்டியை நகர்த்தியாக வேண்டும். அதில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சூப் குடித்திருக்கிறேன்.

அவள் புருஷன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே தங்கி விவாகரத்தும் செய்துவிட்டான். அவன் போன பிறகுதான் இந்தப் பித்து பிடித்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. சுத்தப் பொய். அவன் இருக்கும்போதே வீடு நிறையச் செடிதான். அவன் போனதும் அவனுடைய துணி அலமாரி காலியானது, அதற்குள்ளும் ஒரு விளக்குப் போட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிமேல் ஒன்றுகூட வாங்க மாட்டேன் என்று ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் சத்தியம் செய்வாள். ஜனவரி முடிவதற்குள் என் வண்டியில் ஏறி உட்காருவாள்.

“மிலென், சூப்பர்மார்க்கெட் வழியாத்தானே போற?”

“இல்லக்கா, ஆத்தோரமாப் போறேன்.”

“சரி, சூப்பர்மார்க்கெட் வழியாவே போ. பால் வாங்கணும்.”

திரும்பி வரும்போது கோட்டு முன்பக்கம் புடைத்திருக்கும்.

“பால் எங்கக்கா?”

“தீந்துபோச்சாம்டா.”

பூ உதிர்ந்த ஆர்க்கிட்டுகளைக் கடைக்காரர்கள் ஒரு தள்ளுவண்டியில் குவித்து, பாதி விலைச் சீட்டை ஒட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார்கள். நமக்கு அது குப்பை. வாடிய இலை, காய்ந்த காம்பு. அக்கா தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வேரைப் பார்ப்பாள். “இந்த ஒரு வேர் போதும்டா, பிழைச்சுக்கும்” என்பாள். என்ன நிறம், என்ன ரகம் என்று எந்தச் சீட்டும் இருக்காது. அவளுக்கு அதுதான் பிடிக்கும். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் பொறுமையாகக் காத்திருப்பாள். பிப்ரவரியில் டான்யூப் நதியிலிருந்து மூடுபனி ஏறி எதிர்வீடே தெரியாமல் இருக்கும்போது, அந்தக் குப்பையில் ஒரு மொட்டு விரியும். ஒரு தடவை கறுத்த திராட்சை ஒயின் நிறத்தில், தொண்டை மட்டும் மஞ்சளாக ஒரு பூ விரிந்தது. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் வீட்டுச் செருப்போடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அக்கா மாதிரி ஒருத்தி இந்த ஊரில் கிடையாது. அதை நேரில் சொன்னால் உடனே இன்னும் இரண்டு வாங்கிவிடுவாள் என்பதால் சொல்வதில்லை.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் லியூபென் என்பவரின் பால்கனிக்குக் கண்ணாடி அடைத்துக் கொடுத்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், அறுபதை நெருங்குகிற வயது. அதிகம் பேசமாட்டார். அன்று மாலை அக்கா வீட்டில் குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சமைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் அந்தப் பால்கனியைப் பற்றிச் சொன்னேன். அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எந்தப் பக்கம் பார்த்தது?”

“கிழக்கு.”

“எத்தனை மீட்டர்?”

“வீட்டு நீளம் பூரா. ஆறு இருக்கும்.”

“முன்னால கட்டடம்?”

“ஒண்ணுமில்ல. நாலஞ்சு வாதுமை மரம், கார் நிறுத்துற கொட்டகை.”

“அதுல என்ன வெச்சிருக்காரு?”

“ஒரு நாற்காலி.”

“ஒரு நாற்காலியா!” என்றாள், யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்ட மாதிரி.

மறுநாள் கண்ணாடி ஓரத்தில் பூசிய சிலிக்கான் பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். அக்கா கூடவே கிளம்பினாள். அவளுக்கும் சிலிக்கானுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, லியூபெனும் கேட்கவில்லை. பால்கனியில் நின்று உள்ளங்கையை நீட்டி, தரையில் விழும் நிழல் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று பார்த்தாள். லியூபென் காபியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வீட்டு வெளிச்சத்தை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“இடம் சும்மாத்தான் கிடக்கு. வேணும்னா ரெண்டு செடியைக் கொண்டாந்து வைங்க,” என்றார்.

பாவம், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார். என் வண்டி மூன்று நடை போனது. சனிக்கிழமைகளில் அக்கா அங்கே போய் எல்லாச் செடியையும் குளியல் தொட்டியில் ஊறவைப்பாள். பிறகு புதன்கிழமைகளிலும் போக ஆரம்பித்தாள். வெள்ளியாக இருக்கும் வேர் நனைந்ததும் பச்சையாகிறது என்பதை லியூபென் எனக்கே பாடம் நடத்தினார்.

மார்ச் எட்டாம் தேதி, பெண்கள் தினத்துக்கு அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வெள்ளை ஆர்க்கிட் தொட்டி. அக்கா வாங்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“இந்தக் காம்பை யாரு கிள்ளினது?”

லியூபென் காதுவரை சிவந்துவிட்டார். “நான்தான். படியேறும்போதுதான் எண்ணிப் பாத்தேன். ஆறு பூ இருந்துச்சு.”

“அதனால?”

“ரெட்டைப்படையில பூ கொடுத்தா சாவு வீட்டுக்குன்னு அர்த்தம் இல்லையா? உங்க கையில எப்படிக் கொடுக்கிறது?”

“அது பூங்கொத்துக்குய்யா! தொட்டியில வளர்ற செடிக்கு யாராவது கணக்குப் பாப்பாங்களா?”

“எனக்குத் தெரியலையே.”

என் முழங்கை பட்டு ஒரு பூந்தண்டு ஒடிந்ததற்கு ஒரு மாதம் என்னோடு பேசாதவள் அவள். “கிள்ளினது எங்க?” என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், கசங்காமல் வைத்திருந்தார். அக்கா அதை எங்கள் ஊர்ப் பழச் சாராயமான ராக்கியா குடிக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் இருவருக்கும் ராக்கியா காபிக் கோப்பையில்தான் கிடைத்தது. இவள் இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்டோபரில் பதிவுத் திருமணம், அவர் வீட்டுக்கே குடிபோவது என்று முடிவானது. ஆலைப் பெண்களுக்குக் கொண்டாட்டம். “மாப்பிள்ளைக்கு எத்தனை மீட்டர் நீளம்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் லியூபென் என் வண்டியில் வந்தபோது திடீரென்று கேட்டார்.

“மிலென், மறைக்காமச் சொல்லு. என் பால்கனி வடக்குப் பார்த்திருந்தா உங்க அக்கா என்னை ஏறெடுத்துப் பாத்திருப்பாளா?”

“என்ன அண்ணே இது, சின்னப் பிள்ளையாட்டம்!” என்று மழுப்பினேன். உண்மையில் எனக்கே பதில் தெரியாது.

ஏப்ரலில் எதிரே வாதுமை மரங்களை வெட்டினார்கள். தகர வேலி வந்தது, பள்ளம் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் என்று பலகை வைத்தார்கள். லியூபென் வாழ்நாளெல்லாம் கிரேன் ஓட்டியவர். இப்போது தன் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவன் ஓட்டும் கிரேன் தன் வெயிலைத் தளம் தளமாக மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் கடைசியில் அவருடைய ஐந்தாவது மாடியைத் தாண்டிவிட்டது. கண்ணாடிக்கு நேரே சாம்பல் நிறச் சுவர். மொட்டுகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன.

அக்கா ஒரே பார்வையில் கணக்கை முடித்துவிட்டாள். “இங்க இருந்தா எல்லாம் செத்துடும். மிலென், வண்டியை எடு.”

லியூபென் தொட்டிகளைச் சுமந்து இறக்கினார். ஒவ்வொன்றையும் காற்று படாமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அக்கா வண்டியில் ஏறியதும், “என் வீட்டுல இடமில்ல, உன் வீட்டுக்கு ஓட்டு. உனக்குத் தெற்கு ஜன்னல்” என்றாள். என் மனைவியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே சொல்லப்போவதில்லை.

என் கருவி ஒன்றை லியூபென் வீட்டில் விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனேன். காலிப் பால்கனியில் லியூபென் நின்றுகொண்டிருந்தார். தரையெங்கும் தொட்டி வைத்திருந்த வட்ட வட்டமான தண்ணீர்க் கறை.

“அவகிட்டச் சொல்லிடு மிலென். கட்டாயம் ஒண்ணுமில்ல. எனக்கு வருத்தமும் இல்ல.”

வருத்தமில்லாதவரின் முகம் அப்படி இருக்காது. எனக்கு வந்த கோபத்தில் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஃபோனில் யாரிடமோ உடைந்த ருமேனிய மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். வைத்ததும், “சனிக்கிழமை ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும். ருமேனியாவுல ஒருத்தர் ஆர்க்கிட் விக்கிறாராம்” என்றாள்.

“உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அந்த மனுஷன் அங்க உடைஞ்சுபோய் நிக்கிறாரு. இருக்கிறதுக்கே இடமில்லாம என் வீட்டுல கொண்டாந்து கொட்டியிருக்க. இன்னும் வாங்கப் போறியா?”

“கத்தாதே. வண்டி வருமா வராதா?”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா?”

“செடி கையில இல்லாம என்னத்தைப் பேசுறது?”

போனோம். போகும்போது நான் திட்டினேன். அவள் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் வெளியே நின்று திட்டினேன். வரும்போது பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன, அங்கேயும் திட்டினேன். அவள் மடியில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள். பாலம் இறங்கியதும், “லியூபென் வீட்டுக்குத் திருப்பு” என்றாள்.

அவர் கதவைத் திறந்தார். நாலு நாள் தாடி. அக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் பெட்டியோடு பால்கனிக்குப் போனாள். பட்டப்பகலிலேயே அங்கே மாலை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். புள்ளி போட்ட இலை, நிமிர்ந்த ஒற்றைக் காம்பு, உச்சியில் ஒரே ஒரு பூ. அதன் கீழ் உதடு குழந்தைச் செருப்பின் நுனி மாதிரிக் குழிந்து, மெழுகு தடவியதுபோலப் பளபளத்தது. பச்சையில் ஒன்று, பழுப்புக் கோடு போட்டது ஒன்று, கறுஞ்சிவப்பில் ஒன்று. என் கோபத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இது என்ன?” என்றார் லியூபென்.

“செருப்பு ஆர்க்கிட். நேர் வெயில் பட்டா கருகிடும். என் வீட்டுல மேற்கு வெயில். இத்தனை வருஷமா படத்துல பாத்து ஏங்கினதோட சரி.”

“வெஸெலா, இங்க இனிமே சூரியனே வராது. எனக்குத் தெரியும், நீ எதுக்காக இங்க…”

“எதுக்காக? சொல்லி முடிங்க.”

அவர் தரையைப் பார்த்தார்.

“லியூபென், நான் ஆயுசு பூரா செடியை வாங்கி வெச்சுக்கிட்டு அதுக்கு ஜன்னல் தேடி அலைஞ்சவ. இப்பத்தான் முதல் தடவையா, ஒரு ஜன்னலை மனசுல வெச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த செடியைத் தேடிப் போயிருக்கேன். அது ஏன்னு உங்களுக்கு விளங்கலேன்னா சொல்லுங்க, இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு நான் இப்பவே இறங்கிடறேன்.”

லியூபென் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் குனிந்து தன் ஒற்றை நாற்காலியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தார். திரும்பி வந்து, தொட்டிகளுக்கு மேலே வெறுஞ்சுவரில் கையை வைத்து ஒரு முழம் அளந்தார்.

“இங்க ஒரு பலகை அடிச்சா, மேல இன்னொரு வரிசை நிக்கும்,” என்றார்.

அக்கா சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ரெண்டு வரிசை,” என்றாள்.